நாட்காட்டித் தாளை இன்று யார் கிழிப்பது? தொடக்கப் பள்ளிக்குப் புதிதாக வரும் ஆசிரியருக்கு

நான் பணியில் சேர்ந்த முதல் ஆண்டு, பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்தபோது மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி வரவில்லை. அப்பா அம்மாவோடு செங்கல் சூளைக்குப் போய்விட்டாள் என்று பக்கத்து வீட்டுப் பையன் சொன்னான். பதிவேட்டில் தினமும் வரவில்லை என்று குறித்துக்கொண்டே போனேன். அதற்கு மேல் ஒன்றும் செய்யவில்லை. ஜூன் மாதம் பள்ளி திறந்த அன்று வந்தாள். உள்ளே வராமல் தாழ்வாரத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றவள், "என் பேர் இருக்கிறதா டீச்சர்?" என்று கேட்டாள்.

பேர் இருந்தது. பதிவேட்டில் இருந்தது, எமிஸ் என்ற அரசின் மாணவர் பதிவுத் தளத்திலும் எண்ணோடு இருந்தது. வகுப்பறையில்தான் அவள் இருந்ததற்கு ஒரு தடயமும் இல்லை. அவள் உட்கார்ந்த இடத்தில் வேறு பிள்ளை. அவளுடைய நோட்டு எங்கே போனது என்று எனக்கே தெரியாது.

ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில், ஐந்து வகுப்புக்கு இரண்டு ஆசிரியர் என்று காலம் தள்ளுகிறவள் நான். அந்தக் கேள்வி எனக்குக் கற்றுக்கொடுத்ததைத்தான் புதிதாகப் பணி ஆணை வாங்கி வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். ஒரு பிள்ளை வராவிட்டால் பள்ளியில் ஏதாவது ஒரு சின்ன வேலை தடைப்பட வேண்டும். அப்படி ஒரு வேலை ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் தினமும் இருக்க வேண்டும். பொங்கலும் தீபாவளியும் ஊர்த் திருவிழாவும் அந்த அன்றாடத்தின் மேல் ஏறி நின்றால்தான் நிற்கும்.

முதல் வாரம் எதையும் மாற்றாதீர்கள்

புதிதாக வருகிறவருக்குக் கை துறுதுறுக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் வருவதற்கு முன்பே அந்தப் பள்ளியில் சில வழக்கங்கள் உண்டு. யாரும் சொல்லாமலே நடக்கிறவற்றை மட்டும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். செம்பருத்தி பறித்துக்கொண்டு வந்து மேசையில் வைப்பது யார், செருப்புகளை யார் வரிசையாக அடுக்குகிறார்கள், தம்பியை ஒன்றாம் வகுப்பில் விட்டுவிட்டுத் தன் வகுப்புக்கு ஓடும் அக்கா யார் என்பதெல்லாம் அதில் வரும்.

எங்கள் பள்ளியில் மணி என்பது வேப்பமரக் கிளையில் கம்பி போட்டுத் தொங்கவிட்ட தண்டவாளத் துண்டு. அதை அடிப்பது ஐந்தாம் வகுப்பின் உரிமை. நன்கொடையாளர் ஒருவர் மின்சார மணி வாங்கித் தர, நானும் ஆசையாக மாட்டினேன். மூன்றே நாளில் ஐந்தாம் வகுப்பின் முகம் தொங்கிப்போனது. நான்காம் வகுப்பு இன்னும் மோசம். ஒரு வருடமாக அந்தச் சுத்தியலுக்காகக் காத்திருந்தவர்கள் அவர்கள். தண்டவாளம் திரும்ப வந்தது. மின்சார மணி இப்போது சுவரில் தூசி படிந்து கிடக்கிறது. யாருக்கும் வருத்தமில்லை.

காலைச் சாப்பாட்டில் உட்காருங்கள்

காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கியது. 2023 ஆகஸ்ட் 25 முதல் எல்லா அரசு தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. அதன் பிறகு ஆசிரியருக்கு ஒரு புதிய அரை மணி நேரம் கிடைத்திருக்கிறது. உப்புமாவோ கிச்சடியோ பொங்கலோ தட்டில் விழும் நேரத்தில் பிள்ளைகள் பேசுவது போல வேறெப்போதும் பேசுவதில்லை. வேலை இருக்கிறது என்று அலுவலக மேசைக்கு ஓடாமல், ஒரு தட்டை வாங்கிக்கொண்டு அவர்களோடு தரையில் உட்காருங்கள். வாரத்தில் இரண்டு நாள் போதும்.

உட்காரும்போது வரிசையைப் பாருங்கள். தெருவாரியாக உட்கார்கிறார்களா? அப்படியானால் அது தற்செயல் என்று நினைத்து ஏமாறாதீர்கள். கண்டித்தால் நீங்கள் இருக்கும்வரை கலைந்து உட்காருவார்கள், அவ்வளவுதான். நான் செய்தது இது: அரிசி, பருப்பு, கீரை, முட்டை என்று நான்கு சீட்டுப் போட்டுத் தினமும் குலுக்கி எடுக்கச் சொன்னேன். 'கீரை' எடுத்தவர்கள் எல்லாம் ஒரு வரிசை. ஒரு மாதத்தில் அது விளையாட்டாகிவிட்டது. ஒரு வருடத்தில் யாரும் சீட்டே கேட்கவில்லை, கலந்துதான் உட்கார்ந்தார்கள்.

சாப்பாட்டைப் பற்றித் தாத்தா பாட்டிகளிடம் கேட்டு வரச் சொல்வதும் நல்லது. காமராசர் காலத்தில் 1956இல் பரவத் தொடங்கிய மதிய உணவைச் சாப்பிட்டவர்கள் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவை முதன்முதலில் சாப்பிட்டவர்கள் இன்றைய பிள்ளைகளின் பெற்றோருக்கே மூத்தவர்கள். "எங்கள் பாட்டியும் இதே மரத்தடியில் சாப்பிட்டதாம்" என்று ஒரு பிள்ளை வந்து சொன்ன நாளில் அந்த மரம் வகுப்புக்குள் வந்துவிடும்.

பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கள்

வருகையைக் கைப்பேசிச் செயலியில் நொடியில் போட்டுவிடலாம். அது அரசுக்கு. பேர் சொல்லிக் கூப்பிட்டு "உள்ளேன் டீச்சர்" என்று வாங்குவது பிள்ளைக்கு. இரண்டையும் செய்யுங்கள்.

கூப்பிட்டு முடித்ததும் நான் கேட்க மாட்டேன், அன்றைய முறைக்காரப் பிள்ளை கேட்கும்: "இன்று யார் இல்லை?" தெரிந்தவர்கள் காரணம் சொல்வார்கள். யாருக்கும் தெரியாவிட்டால், அந்தத் தெருப் பிள்ளை ஒன்று மாலையில் போகிற வழியில் எட்டிப் பார்த்துவிட்டு வந்து மறுநாள் காலையில் சொல்ல வேண்டும். இதற்கு ஆகும் நேரம் மூன்று நிமிடம். காய்ச்சலில் படுத்திருக்கும் பிள்ளைக்கு, தன்னைத் தேடி ஆள் வந்தது மாத்திரையைவிடப் பெரிய செய்தி.

ஒரு எச்சரிக்கை. கூப்பிடும்போது "என்ன சாப்பிட்டாய்?" என்ற கேள்வியைப் பழக்கமாக வைக்காதீர்கள். பயிற்சி வகுப்புகளில் அன்பான கேள்வி என்று சொல்லித் தருவார்கள். இரவு சாப்பிடாமல் படுத்த பிள்ளை பொய் சொல்லக் கற்றுக்கொள்ளும்.

சுவரில் ஒரு தினசரி நாட்காட்டி

எனக்கு மிகவும் கைகொடுத்தது இதுதான். மளிகைக் கடையில் இலவசமாகத் தரும் தாள் கிழிக்கிற நாட்காட்டி போதும். பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் மாட்டுங்கள். தினமும் ஒரு பிள்ளை நேற்றைய தாளைக் கிழித்து, இன்றைய தாளை உரக்க வாசிக்க வேண்டும். ஆங்கிலத் தேதி, தமிழ்த் தேதி, முஸ்லிம் மாதத் தேதி மூன்றும் ஒரே தாளில் இருக்கும். பண்டிகை நாள் சிவப்பில் இருக்கும். "பொங்கலுக்கு இன்னும் எத்தனை நாள்?" என்பதைவிடச் சுறுசுறுப்பான கழித்தல் கணக்கு எந்தப் பாடநூலிலும் இல்லை.

தாளின் அடியில் ராசிபலனும் இருக்கும். ஒற்றைச் சொல்லில் லாபம், பகை, வரவு என்று போட்டிருப்பார்கள். வாசிப்புப் பயிற்சிதானே என்று விட்டிருந்தேன். தன் ராசிக்குப் 'பகை' வந்த ஒரு பையன், பக்கத்தில் இருந்தவனிடம் நாள் முழுக்கப் பேசவில்லை. அன்றிலிருந்து அந்தப் பகுதியை மடித்து ஒட்டிவிடுகிறேன்.

கிழித்த தாளைக் குப்பையில் போடாதீர்கள். பின்பக்கம் வெற்றுத் தாள், கணக்குப் போட்டுப் பார்க்க உதவும். இன்னொரு பயனும் உண்டு. பிறந்த நாள் அன்றைய தாளைக் கிழித்து, வகுப்பில் எல்லாரும் பின்பக்கம் பேர் எழுதி, அந்தப் பிள்ளைக்கே கொடுத்துவிடலாம். மிட்டாய் கொண்டுவரும் வழக்கத்தை நான் நிறுத்தியது இதனால்தான். ஒருவன் சாக்லேட் பெட்டியோடு வர, இன்னொருத்தி பிறந்த நாளையே மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தாள் என்றால் எல்லாருக்கும் ஒரே அளவு.

மே மாதம் பிறந்தவர்களை மறந்துவிடாதீர்கள். ஐந்து வருடமும் பள்ளியில் பிறந்த நாளே வராமல் போகிறவர்கள் அவர்கள். ஏப்ரல் கடைசி வாரத்தில் மே மாதத் தாள்களை எடுத்து முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள்.

ஆளுக்கொரு வேலை

மணி, செடிக்குத் தண்ணீர், கரும்பலகையில் தேதியும் குறளும், நூலகப் பெட்டி, ஒன்றாம் வகுப்பின் செருப்பு வரிசை. எங்கள் பள்ளியில் வேலை குறைவு, பிள்ளைகள் அதிகம் என்பதால் சிலவற்றை நாங்களே உண்டாக்கினோம். சன்னல் திறப்பவர் ஒருவர், மூடுபவர் வேறொருவர்.

திங்கட்கிழமை காலை வேலை மாறும். பெருக்குவதும் தண்ணீர்ப் பானை நிரப்புவதும் எல்லாரின் முறையிலும் வர வேண்டும், பையன்களுக்கும் சேர்த்துத்தான். யார் தொட்ட பானை, யார் பெருக்கிய இடம் என்ற பேச்சு சில ஊர்களில் பள்ளி வாசல்வரை வரும். அப்போது "முறைப் பட்டியல் சொல்கிறது" என்று சுவரைக் காட்டிவிட்டுப் பாடத்தைத் தொடங்கிவிடுங்கள். வாதம் செய்தால் நீளும்.

படிப்பில் பின்தங்கிய பிள்ளைக்குக் கஷ்டமான வேலையைக் கொடுத்துப் பாருங்கள். எழுத்துக் கூட்டி வாசிக்கவே திணறிய ஒருவனிடம் பள்ளிச் சாவியை ஒப்படைத்தேன். காலையில் எல்லாருக்கும் முன்பே வந்து நிற்பான். காலை உணவு சமைக்க வரும் அக்காக்களே அவனுக்குப் பின்னால்தான் வருவார்கள்.

விடுமுறைக்கு முன்னும் பின்னும்

விடுமுறை முடிந்து வந்ததும் "எங்கே போனீர்கள்? தீபாவளிக்கு என்ன துணி எடுத்தீர்கள்?" என்று கேட்பது நம் வாயில் தானாக வரும். நாக்கைக் கடித்துக்கொள்ளுங்கள். கேட்ட நொடியில் வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிடும்.

நான் கேட்பது: "இந்த விடுமுறையில் மூக்குக்கு வந்த ஒரு வாசனை சொல்லுங்கள்." மத்தாப்புப் புகை, புதுத்துணியின் மடிப்பு வாசம், மழையில் நனைந்த ஆட்டுக்குட்டி, ஆஸ்பத்திரி. யாரிடம் பணம் இருந்தது என்பது இதில் தெரியாது. அடுத்த விடுமுறைக்கு ஒரு சத்தம், அதற்கடுத்ததற்கு ஒரு நிறம்.

விடுமுறைக்கு முந்தைய நாள் கடைசிப் பத்து நிமிடம் முக்கியம். திரும்பி வரும் நாளில் யாருக்கு என்ன வேலை என்று பலகையில் எழுதி, அழிக்காமல் விட்டுப் பூட்டுங்கள். காலாண்டு விடுமுறையில் வீட்டில் இருக்கும் பிள்ளைக்கு, திறக்கும் அன்று தாள் கிழிப்பது தன் முறை என்று நினைவிருக்கும். காலாண்டு விடுமுறையை ஒட்டி ஆயுத பூசையும் வந்தால் ஒன்பது நாள் தாள்கள் சேர்ந்திருக்கும். அத்தனையையும் ஒருவரே கிழிக்கலாமா, பங்கு போட வேண்டுமா என்பது எங்கள் வகுப்பில் தீராத வழக்கு.

பள்ளியில் பொங்கல்

ஒரு விழாவை மட்டும் ஒழுங்காகச் செய்யத் தெம்பு இருக்கிறது என்றால் பொங்கலைத் தேர்ந்தெடுங்கள்.

ஒரு வாரம் முன்பே சொல்லிவிடுங்கள்: பணம் வேண்டாம், ஆளுக்கு ஒரு பிடி அரிசி. வகுப்பு மூலையில் ஒரு துணிப்பை வையுங்கள். மூடிய கையை உள்ளே விட்டுத் திறந்து எடுக்க வேண்டும், அதுதான் விதி. சில கைகள் வெறுமையாகவே உள்ளே போகும். யாருக்கும் தெரியாது, தெரியவும் வேண்டாம். வெல்லம், பருப்பு, பால், நெய் ஆசிரியர்கள் செலவு. பள்ளி மேலாண்மைக் குழுவில் யாராவது கரும்பு தருவார்கள், மஞ்சள் கொத்து தருவார்கள்.

பெரும்பாலும் போகிக்கு முந்தைய வேலைநாள் அமையும். காலை ஒன்பதரைக்குக் கோலம். பெண் பிள்ளைகள் கோலம், ஆண் பிள்ளைகள் கரும்பு தூக்குவது என்று பிரிக்காதீர்கள். எங்கள் பள்ளியில் மிக நேர்த்தியாகப் புள்ளி வைப்பவன் ஒரு பையன். பத்து மணிக்கு மூன்று செங்கல் வைத்து அடுப்பு. அடுப்பைச் சுற்றி ஆறடி தள்ளிச் சுண்ணாம்பில் வட்டம் போட்டு, அதற்குள் சத்துணவுச் சமையலரும் ஒரு ஆசிரியரும் மட்டும் என்று கண்டிப்பாக இருங்கள். அன்றைக்குப் பட்டுப்பாவாடையில் நைலான் துணி நிறைய இருக்கும். ஒரு வாளி தண்ணீரும் மணலும் பக்கத்தில் இருக்கட்டும்.

பானையில் முதல் பிடி அரிசி போடுவது யார்? இங்கேதான் ஊர் உள்ளே வரும். ஊர்ப் பெரியவர் வீட்டுப் பேரன் போடட்டும் என்று தலையாட்டிவிட்டால், மற்ற எல்லாரும் வேடிக்கை பார்க்க வந்தவர்கள் ஆகிவிடுவார்கள். நாங்கள் முதல் நாளே சீட்டுக் குலுக்கிவிடுவோம். பிடி அரிசிப் பை இருப்பதால் பானையில் இருப்பது எல்லார் வீட்டு அரிசியும்தான். அதில் ஒரு கையைத் தனியாகத் தூக்கிப் பிடிக்க முடியாது.

படையல் வேண்டாம் என்பது என் அனுபவம். படைத்ததைச் சாப்பிடாத கிறித்தவ, முஸ்லிம் குடும்பங்கள் உண்டு. அறுவடை, அரிசி, வெயில், மாடு என்ற அளவில் நிறுத்தினால் ஒரு பிள்ளையும் தட்டைத் தள்ளிவைக்காது. பால் பொங்கும் நேரத்தில் "பொங்கலோ பொங்கல்" என்று கத்துவதற்கு எந்தத் தடையும் இல்லை. எத்தனை சத்தமோ அத்தனை நல்லது. தலைமையாசிரியர் காதைப் பொத்திக்கொள்வார், விடுங்கள்.

மற்ற பண்டிகைகளைச் சின்னதாக வைத்துக்கொள்ளலாம். கிறிஸ்துமஸ் அரையாண்டு விடுமுறைக்குள் போய்விடும் என்பதால் குடிலைத் தேர்வு முடியும் நாளில் வைக்க வேண்டியிருக்கும். ரம்ஜான் ஆண்டுக்குச் சுமார் 11 நாள் முன்னால் நகரும். நோன்பு பள்ளி நாட்களில் வரும்போது, ஆசையாக ஒரு நாள் நோன்பு பிடித்துவிட்டு வரும் நான்காம் வகுப்புப் பிள்ளைக்கு மதிய உணவு நேரத்தில் நூலகப் பெட்டி வேலையைக் கொடுங்கள். தட்டுகளுக்கு நடுவில் சும்மா உட்கார வைக்காதீர்கள்.

ஊர்த் திருவிழா

காப்புக் கட்டிவிட்டால் பாதி வகுப்பு காலி. மாவட்ட ஆட்சியர் உள்ளூர் விடுமுறை அறிவித்தால் அதற்கு ஈடாக ஒரு சனிக்கிழமை பள்ளி வைக்க வேண்டும். அந்தச் சனிக்கிழமையை வீணாக்காதீர்கள். கூட்டம் குறைவாக இருக்கும், கதை பேச ஏற்ற நாள்.

ஆனால் "திருவிழாவைப் படம் வரையுங்கள்" என்று சொல்லும் முன் ஒன்றை விசாரித்துக்கொள்ளுங்கள். தேர் எந்தத் தெரு வரை போகிறது? எந்தத் தெருவுக்குள் போவதில்லை? நான் விசாரிக்காமல் சொன்னேன். ஏழு பிள்ளைகள் தேரைச் சின்னதாக, தாளின் ஓரத்தில் வரைந்தார்கள். தூரத்தில் நின்று பார்த்தவர்களுக்குத் தேர் அந்த அளவுதான் தெரியும் என்று எனக்கு உறைக்க ஒரு நாள் ஆனது. இப்போது "உங்கள் வீட்டு வாசலில் நடந்த ஒன்றை வரையுங்கள்" என்கிறேன். வாசல் இல்லாத வீடு இல்லை.

வேறு மொழி பேசும் பிள்ளை வந்தால்

திருவள்ளூர், காஞ்சிபுரம் பக்கத்துச் சூளைகளுக்கு மேற்கு ஒடிசாவிலிருந்து குடும்பங்கள் வருகின்றன. திருப்பூரில் பின்னலாடை வேலைக்குப் பீகாரிலிருந்து வருகிறார்கள். அந்தப் பிள்ளைக்குத் தமிழ் வருவதற்கு முன்பே வேலை கொடுத்துவிடுங்கள். தாளைக் கிழிக்க மொழி வேண்டாம். எண்ணை அவர்கள் மொழியில் சொல்லட்டும், வகுப்பு திருப்பிச் சொல்லட்டும். ஒரு மாதத்தில் முப்பத்தொன்று வரை எல்லாருக்கும் வந்துவிடும்.

அவர்கள் பண்டிகையை அவர்கள் வீட்டிலேயே கேட்டு நாட்காட்டியில் குறியுங்கள். பீகார் குடும்பங்களின் சட் பூசை தீபாவளிக்கு ஆறாம் நாள் வரும், நீர்நிலையில் நின்று சூரியனை வணங்குவார்கள். மேற்கு ஒடிசாவில் புது அரிசி உண்ணும் நுவாகாய் விநாயகர் சதுர்த்திக்கு மறுநாள். அங்கேயே புஸ்புனி என்று ஒன்று உண்டு. நம் பொங்கலை ஒட்டி வரும் பௌர்ணமியில் சிறுவர்கள் வீடு வீடாகப் போய் நெல் கேட்பார்கள். பிடி அரிசிப் பையை முதன்முதலில் பார்த்ததும் எந்த விளக்கமும் இல்லாமல் சிரித்தது ஒரு ஒடியாச் சிறுவன்தான்.

போகிறவர்களை அனுப்பும் முறை

பொங்கல் கழிந்ததும் கரும்பு வெட்டுக்கும் சூளைக்கும் போகிற குடும்பங்களை டிசம்பரிலேயே கேட்டு வையுங்கள். எமிஸ் எண்ணை ஒரு தாளில் எழுதி அம்மாவின் கையில் கொடுங்கள், போகிற இடத்தில் பக்கத்துப் பள்ளியில் சேர்க்க அது போதும். நோட்டின் மேல் பேர் எழுதி அலமாரியில் வையுங்கள். முறைப் பட்டியலில் பேரை அழிக்காதீர்கள். அவள் முறை வரும்போது பக்கத்துப் பிள்ளை "அவளுக்காக" என்று சொல்லிவிட்டு அந்த வேலையைச் செய்யட்டும். மாதம் ஒரு முறை வகுப்பிலிருந்து கைப்பேசியில் கூப்பிடுங்கள்.

தூணைப் பிடித்து நின்ற அந்தச் சிறுமி மறுவருடமும் பொங்கல் முடிந்து சூளைக்குப் போனாள். இந்த முறை இன்னொரு தினசரி நாட்காட்டியைக் கடையில் கேட்டு வாங்கிக் கையில் கொடுத்தனுப்பினேன். ஜூனில் பள்ளி திறந்த அன்று அதைப் பைக்குள்ளிருந்து எடுத்தாள். அட்டை செம்மண் நிறத்தில் இருந்தது. நேற்று வரை கிழித்திருந்தாள். இன்றைய தாளை வகுப்பில்தான் கிழிக்க வேண்டும் என்று அப்படியே கொண்டுவந்திருந்தாள். பட்டியலில் அன்று வேறொருவன் முறை. அவன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, நகர்ந்து இடம் கொடுத்தான்.